வளவுக்குச் சோலார் சென்சர் லைற் போடப்போறீங்களா? மாரியை யோசிச்சுத் தொடங்குங்கோ

இப்ப யாழ்ப்பாணத்தில எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் ரெண்டு மூண்டு வீட்டு மதில்லயாவது சோலார் சென்சர் லைற் ஒண்டு பூட்டிக் கிடக்கு. ஆள் கிட்டப் போனா பளிச்செண்டு எரியும், கொஞ்ச நேரத்தால தானா நிண்டுடும். வயர் இழுக்கத் தேவையில்லை, பில் வராது, கரண்ட் போனாலும் எரியும். 2022இல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்திலதான் இதின்ர அருமை கனபேருக்கு விளங்கினது. ஆனா வாங்கிப் பூட்டினவை பிறகு சொல்லுறதும் ஒண்டு இருக்கு, "பங்குனி சித்திரையில நல்லா எரிஞ்சது, கார்த்திகை வர ஒண்டுமில்லை" எண்டு. சிலநேரம் சாமானிலயே பிழை இருக்கும், ஆனா கூடுதலாப் பாத்தா பூட்டின இடமும் போட்டு வைச்ச மோட்டும்தான் (லைற் எரியிற முறை) பிழை. அதால இதில நான் சொல்லுறது முழுக்க மாரியை வைச்சுத்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில எரியிற மாதிரி இடம் பாத்துப் போட்டா மற்ற மாதங்களைப் பற்றி நீங்கள் யோசிக்கவே தேவையில்லை.

முதல் வேலை: ராவில ஒருக்கா வளவைச் சுத்தி நடக்கிறது

கடைக்குப் போக முந்தி இதைச் செய்யுங்கோ. ரோச் லைற்றைக் கையில எடுத்துக்கொண்டு முத்தம், பின்வளவு எல்லாம் ஒரு சுத்துச் சுத்துங்கோ. எங்க கால் தடுக்குது, எங்க கும்மிருட்டு, வீட்டில ஆர் எந்தப் பக்கத்தால ராவில நடமாடுறவை எண்டு பாருங்கோ. எங்கட பழைய வீடுகளில கக்கூஸும் குளிக்கிற இடமும் வீட்டை விட்டுத் தள்ளி கிணத்தடிப் பக்கமாத்தான் இருக்கும், வயசுபோன அம்மம்மாவோ அப்பப்பாவோ சாமத்தில எழும்பி அந்த வழியால போறவை எண்டா முதல் லைற் அந்தப் பாதைக்குத்தான் போட வேணும், கேற்றுக்கு பிறகு பாக்கலாம். பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில, தாய் தேப்பன் தனிய இருக்கிற வீடு இஞ்ச கனக்க, அப்பிடியான வீட்டில ஒருத்தர் இருட்டில விழுந்தா தூக்கிவிடவே ஆளில்லை. அதுக்குப் பிறகு கேற்றடி, குசினிப் பின்கதவு, மோட்டர்க் கொட்டில், கோழிக்கூடு எண்டு உங்கட வீட்டுத் தேவைக்கு ஏற்ற மாதிரி வரிசை வையுங்கோ. எல்லாத்தையும் ஒரே நாளில வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒண்டைப் பூட்டி ஒரு மாதம் பாத்திட்டு மற்றதை வாங்குங்கோ.

பாம்புக்குப் பயந்து போடுறம் எண்டு கனபேர் சொல்லுகினம். அதில ஒண்டை நல்லா விளங்கிக்கொள்ள வேணும், பாம்பு ஊர்ந்து வந்தா இந்த லைற் எரியாது. பாம்பின்ர உடம்பு நிலத்தின்ர சூட்டோட ஒத்துத்தான் இருக்கும், சென்சருக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் நடக்கேக்க லைற் எரியும், அந்த வெளிச்சத்தில புடையனோ நாகமோ கிடந்தா நீங்கள்தான் பாத்து ஒதுங்க வேணும். அதால லைற் எரியேல்லை, அப்ப பாம்பு இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு வெறுங்காலோட இறங்கிப் போகாதேங்கோ, பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ.

இது எப்பிடி ஆளைக் கண்டுபிடிக்குது

இதைக் கொஞ்சம் விளங்கினா இடம் பாக்கிற வேலை லேசாகும். லைற்றின்ர முகப்பில பால் வெள்ளை நிறத்தில ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதுக்குப் பின்னாலதான் சென்சர் கிடக்கு, பி.ஐ.ஆர் எண்டு பெட்டியில போட்டிருக்கும். அது பாக்கிறது சூட்டை. எங்கட உடம்பில இருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் எந்த நேரமும் வெளிய போய்க்கொண்டிருக்கு, அந்த வெள்ளைக் குமிழ் முன்னுக்கு இருக்கிற இடத்தைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு உள்ளுக்கு அனுப்பும், சூடான ஒரு உடம்பு ஒரு துண்டால மற்றத் துண்டுக்கு மாறேக்க சென்சர் அதைப் பிடிச்சு லைற்றைப் போடும். அதனாலதான் லைற்றுக்குக் குறுக்கால நடந்தா உடன எரியும், நேரா லைற்றைப் பாத்து நடந்து வந்தா நல்லாக் கிட்ட வந்த பிறகுதான் எரியும். வைகாசியில ராவிலயும் புழுங்கும் பாருங்கோ, அந்த நேரம் சுத்துப்புறச் சூடும் எங்கட தோலின்ர சூடும் கிட்டமுட்ட வந்திடும், அப்ப பிடிக்கிற தூரம் குறையும். பெட்டியில 8 மீற்றர் எண்டு இருந்தா 5 மீற்றரை நம்பி இடம் வைச்சுக்கொள்ளுங்கோ. இன்னொண்டு, கண்ணாடிக்கு அங்கால நிக்கிற ஆளை இது காணாது, கண்ணாடி அந்தக் கதிரை மறிச்சுப்போடும், அதால யன்னலுக்கு உள்பக்கம் வைச்சுப் பிரயோசனமில்லை. ரேடார் சென்சர் எண்டு வேற ஒரு வகையும் வருது, அது சூட்டைப் பாக்கிறேல்லை, அசைவைத்தான் பாக்கும், மெல்லிய பலகைக்கு அங்காலயும் பிடிக்கும், ஆனா இலை ஆடினாலும் எரியும், மரம் நிறைஞ்ச வளவுக்கு நான் அதை வாங்கச் சொல்லமாட்டன்.

ராவா பகலா எண்டு கண்டுபிடிக்க பெரும்பாலும் தனிய ஒரு சென்சர் இருக்காது, வெயிலைக் கரண்டாக்கிற பனல்லதான் அதைப் பாக்கும். பனல்ல வெளிச்சம் விழுந்தா பகல் எண்டு நினைச்சு லைற் பேசாம இருக்கும். றோட்டு லைற்றுக்குக் கீழயோ, விறாந்தை லைற்றுக்கு முன்னாலயோ பூட்டினா ராவில எரியாததுக்கு அதுதான் காரணம், சாமான் பழுதெண்டு கடைக்குக் கொண்டு ஓட முந்தி ஒரு துணியால பனலை மூடிப் பாருங்கோ.

வாங்கேக்க என்ன பாக்கிறது

பெட்டியில 500 வாற்ஸ், 1000 வாற்ஸ் எண்டு பெரிசா அடிச்சிருக்கும். அதைப் பாத்து வாங்காதேங்கோ. பனலின்ர அளவைப் பாருங்கோ. உள்ளங்கையளவு, அதாவது 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் பனல் ஒண்டு நல்ல வெயிலில ஒண்டரை வாற்ஸ் கிட்டத்தான் தரும், அதுக்கு மேல எந்தக் கொம்பனி செய்தாலும் பெரிசா வராது. பற்றரி கூடுதலா 18650 எண்டு சொல்லுற பெருவிரல் மொத்தத்தில இருக்கிற உருளைதான், நல்ல ஒண்டில 2000 இல இருந்து 3500 மில்லிஅம்பியர் மணி (பற்றரி கொள்ளுற அளவு) இருக்கும், 9900 எண்டு எழுதியிருந்தா அது பொய்.

இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம், இது முக்கியம். ஒண்டரை வாற்ஸ் பனலுக்கு ஒரு நாளில 5 மணித்தியாலம் உச்ச வெயில் கிடைச்சா ஏழரை வாற்ஸ் மணி, போற வாற இழப்பைக் கழிச்சா அஞ்சு மிஞ்சும். லைற் 3 வாற்ஸ் எடுக்குது எண்டு வையுங்கோ. விடிய விடிய 12 மணித்தியாலம் எரிய 36 வேணும், அது நடக்கிற காரியமில்லை. ஆனா ஆள் வரேக்க மட்டும் 30 செக்கன் எரிஞ்சா, ஒரு ராவில 40 தரம் எரிஞ்சாலும் மொத்தம் 20 நிமிசம்தான், ஒரே ஒரு வாற்ஸ் மணி போதும். அதாவது மப்பும் மழையுமா இருந்து வழமையான வெயிலில அஞ்சில ஒரு பங்குதான் கிடைச்சாலும் அடுத்த ராவுக்குக் காணும். மாரியில ஒரு லைற் எரியிறதும் சாகிறதும் இந்தக் கணக்கிலதான் கிடக்கு.

இன்னும் ரெண்டு மூண்டு பாக்கோணும். ஐபி65 எண்டு இருந்தா தூசியும் போகாது, தண்ணி பீச்சி அடிச்சாலும் தாங்கும், ஐபி44 எண்டா தூறல் சாரல் மட்டும்தான், எங்கட மாரி அடைமழைக்கு வெளிச்சுவரில அது சரிவராது. பற்றரியைக் கழட்டி மாத்தக்கூடிய மாதிரி ஸ்குறூ போட்டதா எண்டு பாருங்கோ, ஒட்டி மூடினதெண்டா பற்றரி செத்த நாளோட முழு லைற்றும் குப்பைதான். யூஎஸ்பி ஓட்டை இருந்தா இன்னும் நல்லம், மழை விடாம அடிக்கிற கிழமையில போன் சாஜரில குத்தி ஏத்தலாம். நிறத்தில எனக்கு மஞ்சள் வெளிச்சம்தான் விருப்பம், வெள்ளை நீல வெளிச்சத்துக்கு ஈசலும் பூச்சியும் கூட வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால என்ன வரும் எண்டு ஊரில இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்.

இடம் பாக்கிறது

இதுக்குத்தான் கூட நேரம் செலவழிக்க வேணும். லைற்றில ரெண்டு சாமான் இருக்கு, பனலுக்கு வெயில் வேணும், சென்சருக்கு ஆள் நடக்கிற பாதை வேணும், இந்த ரெண்டும் ஒரே இடத்தில அமையிற வீடு குறைவு. எங்கட வீடுகளில தாவாரம் நல்லா வெளிய நீட்டி இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் அதுதான் பாதுகாப்பு, ஆனா அதுக்குக் கீழ சுவரில லைற்றைப் பூட்டினா பனல் நாள் முழுக்க நிழலுக்குள்ளதான். அப்பிடியான வீட்டுக்கு பனல் தனிய, லைற் தனிய, நடுவில மூண்டு நாலு மீற்றர் வயர் வாற மாதிரி ஒண்டை வாங்குங்கோ. லைற்றைத் தாவாரத்துக்குக் கீழயும் பனலைக் கூரை விளிம்பிலயோ ஒரு பைப்பிலயோ பூட்டலாம். விலை கொஞ்சம் கூட, ஆனா யாழ்ப்பாணத்து வீட்டுக்கு என்னைக் கேட்டா இதைத்தான் சொல்லுவன். லைற்றும் மழையில நனையாது.

அடுத்தது திசை. யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கால 9.7 பாகையில கிடக்கு. ஏப்ரல் நடுவில இருந்து ஓகஸ்ற் கடைசி மட்டும் மத்தியானச் சூரியன் எங்கட தலைக்கு மேலயோ கொஞ்சம் வடக்கயோ நிக்கும். அந்த நேரம் வடக்குச் சுவரிலயும் வெயில் படும், சனம் அதைப் பாத்துட்டு அங்க பூட்டுகினம். டிசெம்பர் வரேக்க அதே மத்தியானச் சூரியன் 33 பாகை தெற்கால சரிஞ்சு போயிடும், வடக்குச் சுவருக்கு வெயிலே வராது, மேல மப்பும் சேரும், கார்த்திகையில லைற் செத்துப்போச்சு எண்டுறதின்ர கதை இதுதான். அதால பனல் தெற்குப் பாத்து இருக்க வேணும், படுக்கையில இருந்து 10, 15 பாகை சரிவு காணும். முழுக்கப் படுக்கையா வைச்சா தண்ணியும் தூசியும் தேங்கி நிண்டு காயும், சரிவா வைச்சா மழையே கழுவிவிடும்.

நிழலைப் பாக்க வேணும் எண்டா ஒரு நாள் காலமை 9 மணி, மத்தியானம் 12, பின்னேரம் 3 எண்டு மூண்டு தரம் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கோ. வேம்பு, மா, முருங்கை எல்லாத்தின்ர நிழலும் டிசெம்பரில வடக்குப் பக்கம் நீளும் எண்டதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ. பனலுக்குள்ள இருக்கிற துண்டுகள் எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத்தான் தொடுத்துக் கிடக்கு, ஒரு மாவிலை ஒரு துண்டை மூடினாலும் முழுப் பனலின்ர கரண்டும் விழும், கொஞ்ச நிழல்தானே எண்டு விடாதேங்கோ.

சென்சர்ப் பக்கம் வந்தா, ஆள் குறுக்கால போற மாதிரி வையுங்கோ. கேற்றில இருந்து விறாந்தைக்கு நேரா வாற பாதை எண்டா விறாந்தைச் சுவரில வைக்காம, பாதையின்ர பக்கவாட்டு மதில்ல வைக்கிறதுதான் நல்லம். உயரம் ரெண்டு மீற்றரில இருந்து ரெண்டரை மீற்றர் காணும், மூண்டு மீற்றருக்கு மேல போனா தூரம் குறையும், ரெண்டு மீற்றருக்குக் கீழ எண்டா நாய் பூனை போனாலும் எரியும், கள்ளருக்குக் கைக்கும் எட்டும். ஒழுங்கைப் பக்கம் முகத்தைத் திருப்பாதேங்கோ, கட்டாக்காலி மாடு போனாலும் எரிஞ்சு பற்றரி தீரும், ராவில மோட்டச்சைக்கிளில வாற ஆளின்ர கண்ணில அடிச்சா விபத்தாயும் முடியலாம். பக்கத்து வீட்டு அறை யன்னலுக்கு நேரயும் வேண்டாம். சோளகம் வீசுற மாதங்களில வெயிலில சூடேறின வாழையிலையோ தகரமோ முன்னுக்கு ஆடினா அதுக்கும் சும்மா சும்மா எரியும், குசினிப் புகைக்கூட்டுக்கு முன்னாலயும், ஏசிப் பெட்டிக்கு முன்னாலயும் இதே பிரச்சினைதான்.

பூட்டுறது

முதல்ல பூட்டாம ரெண்டு நாள் நல்ல வெயிலில முத்தத்தில வைச்சுச் சாஜ் ஏத்துங்கோ. கன லைற்றுகளில சுவிச் ஓனில இருந்தால்தான் சாஜ் ஏறும், ஓவில வைச்சுக் காயப்போட்டா ஒண்டும் நடக்காது, கூட வாற தாளை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பிறகு இருட்டினதும் ஒராளை லைற்றைப் பூட்டப்போற இடத்தில பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லி, மற்றாள் வழமையா நடக்கிற மாதிரி நடந்து பாருங்கோ, எந்த இடத்தில வரேக்க எரியுது எண்டு தெரிஞ்ச பிறகு பென்சிலால குறி போடுங்கோ. சுவரில ஓட்டை போட முந்தி இதைச் செய்தா பிறகு இடம் மாத்துற வேலை இல்லை.

சீமெந்துக் கல்லுச் சுவர் எண்டா 6 மில்லிமீற்றர் டிறில்லால துளைச்சு ரோல் பிளக் அடிச்சு ஸ்குறூ இறுக்கலாம். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உதிரும், ரோல் பிளக் நிக்காது, ஒரு பலகைத் துண்டை நாலு இடத்தில நீள ஆணியால இறுக்கிப்போட்டு அந்தப் பலகையில லைற்றைப் பூட்டுங்கோ. வேலியில கதியாலில கட்டாதேங்கோ, கதியால் தளிர்த்துப் பனலை மூடும், காத்துக்கு ஆடிச் சென்சரும் குழம்பும், காய்ஞ்ச கிடுகுக்குப் பக்கத்தில லிதியம் பற்றரி வைக்கிறதும் நல்லதில்லை. வேலியை விட்டு ரெண்டு அடி தள்ளி ஒரு ஜிஐ பைப் நட்டுப் பூட்டினா பிரச்சினை முடிஞ்சுது. தகரக் கூரையில லைற்றை அப்பிடியே படுக்க வைக்கவும் வேண்டாம், மத்தியானம் தகரம் கொதிக்கும், பற்றரிக்குச் சூடுதான் எமன். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, தீவுப்பகுதி மாதிரிக் கடல்காத்து அடிக்கிற இடங்களில சாதாரண ஆணி கெதியாத் துருவேறிப்போகும், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஸ்குறூ வாங்குங்கோ. பனலும் உடம்பும் சேருற விளிம்பில மேல்பக்கம் சிலிக்கன் கொஞ்சம் தடவிவிடலாம், ஆனா அடியில சின்ன ஓட்டை இருந்தா அதை அடைக்காதேங்கோ, உள்ளுக்கு வாற ஈரம் வெளிய போகத்தான் அதை விட்டிருக்கு.

மோட்டு எது போடுறது

கூடுதலா மூண்டு மோட்டு இருக்கும். ஆள் வந்தா மட்டும் எரிஞ்சு பிறகு முழுக்க நிக்கிறது ஒண்டு, மங்கலா எரிஞ்சுகொண்டு ஆள் வரேக்க கூடுறது இன்னொண்டு, ஒரே அளவில விடிய மட்டும் எரியப் பாக்கிறது மற்றது. புரட்டாசி முடியிறதோட முதல் மோட்டுக்கு மாத்திப்போட்டு தை பிறந்த பிறகு விருப்பமானதுக்கு மாத்துங்கோ. வயசுபோன ஆக்கள் நடக்கிற பாதைக்கு மங்கல் மோட்டு நல்லம், சடாரெண்டு வெளிச்சம் அடிச்சா அவைக்குக் கண் கூசி நிலை தடுமாறும், அந்த இடத்துக்குப் பெரிய பனல் போட்டதாப் பாத்து வாங்குங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பின்னேரத்தில வீட்டைப் பூட்டிப்போட்டுப் போற ஆக்கள், கேற்றடியில முதல் மோட்டைப் போட்டு விடுங்கோ. எந்த நேரமும் எரியிற லைற்றை ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம், திடீரெண்டு எரிஞ்சா அயலட்டைக்கும் தெரியும். இதை நம்பி கதவுப் பூட்டில கவனக்குறைவா இருக்கவும் கூடாது.

பிறகு பாக்கிற வேலை

மாதத்தில ஒருக்காப் பனலைத் துடையுங்கோ, சோளகக் காலத்தில புழுதி கூட, அப்ப ரெண்டு தரம். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுத் தண்ணி, ஊத்திப்போட்டு அப்பிடியே காய விட்டா வெள்ளைப் படலம் பிடிக்கும், அது பிறகு லேசில போகாது. ஈரத்துணியால துடைச்ச கையோட காய்ஞ்ச துணியாலயும் துடையுங்கோ, மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தா அதுதான் திறம். சவுக்காரத்தூள், தும்பு ஒண்டும் வேண்டாம், கீறு விழும். காகம் எச்சம் போட்டா அண்டைக்கே துடைச்சுவிடுங்கோ. சென்சர்க் குமிழில சிலந்தி வலை பின்னினாலோ பல்லி குந்தினாலோ ராவிரவா எரியும், விடியமுந்திப் பற்றரி முடிஞ்சுடும், அதையும் ஒருக்காத் தட்டிவிடுங்கோ.

ரெண்டு மூண்டு வருசத்தில பற்றரி களைக்கும். நல்ல வெயில் அடிச்ச நாளும் ராவில ஒரு மணித்தியாலத்தில நிண்டால், பனல் துப்பரவா இருந்தால், பற்றரிதான். கழட்டி அதில எழுதியிருக்கிற வோல்றைப் பாருங்கோ. 3.7 வோல்ற் எண்டா லிதியம் அயன், 3.2 வோல்ற் எண்டா லிதியம் அயர்ன் பொஸ்பேற், 1.2 வோல்ற் எண்டா நிக்கல். ஒண்டுக்குப் பதிலா மற்றதைப் போடக்கூடாது, 3.7க்கு எண்டு செய்த லைற் 4.2 வோல்ற் வரைக்கும் ஏத்தும், 3.2 பற்றரி 3.65க்கு மேல தாங்காது. ரிமோட்டுக்குப் போடுற சாதாரணப் பற்றரியும் போடக்கூடாது, அதுக்குச் சாஜ் ஏத்தினா ஒழுகும். கழட்டின பழசை இலைகுழையோட கூட்டி எரிக்கிற குப்பைக்குள்ள மட்டும் போட்டிடாதேங்கோ, லிதியம் பற்றரி நெருப்பில வெடிக்கும், பக்கத்தில சின்னப்பிள்ளையள் நிக்கலாம். ரெண்டு முனைக்கும் ரேப் ஒட்டி, ஒரு போத்தலுக்குள்ள போட்டுப் பிள்ளையளுக்கு எட்டாத இடத்தில வைச்சு, போன் திருத்துற கடையிலயோ உள்ளூராட்சி சபை இலத்திரனியல் கழிவு எடுக்க வாற நேரத்திலயோ கேட்டுக் குடுங்கோ.